பெடலைக் குழந்தையிடம் கொண்டுவருவது

(குடும்பமாகச் சைக்கிள் ஓட்டுவோர் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் நாற்பதைக் கடந்தவர்களில் பலர் குரங்கு பெடல் போட்டுத்தான் சைக்கிள் பழகியிருப்பீர்கள். அப்பாவின் 22 அங்குலச் சைக்கிளில் பாருக்கு மேலே கால் எட்டாது. அதனால் பாருக்குக் கீழே இருக்கும் முக்கோணத்துக்குள் வலது காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, பாரை அணைத்துப் பிடித்துக்கொண்டு, முழுச் சுற்று வராமல் அரைச் சுற்றாக மிதித்துப் போயிருப்போம். அந்தப் பெயரிலேயே 2024இல் ஒரு தமிழ்த் திரைப்படம் வந்தது. அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சைக்கிள் இம்மியும் மாறவில்லை. பெரியவர் உடம்புக்குச் செய்த இரும்புக்கு ஏற்பக் குழந்தையின் முதுகும் இடுப்பும்தான் வளைந்தன.

நான் இன்று பேச வந்திருப்பது இதற்கு நேர்மாறான வேலையைப் பற்றி. ஐந்து வயதுக் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு காலும் முழுச் சுற்றுச் சுற்ற, அம்மாவோடோ அப்பாவோடோ ஒரே சைக்கிளில் மிதித்துப் போக வேண்டும். அதற்கு டேண்டம் சைக்கிளை எப்படி அமைப்பது?

டேண்டம் என்றதும் கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக்கு எடுத்து ஒரு சுற்று சுற்றிவரும் இருவர் சைக்கிள் நினைவுக்கு வரும். அதனாலேயே அது ஒரு விளையாட்டுப் பொருள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தில் அதன் கதை வேறு. பிகிள்ஸ்வேட் ஊரைச் சேர்ந்த டான் ஆல்போன் 1880களில் நடைமுறைக்கு உகந்த ஒரு டேண்டத்தைச் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், கார் வாங்க வசதியில்லாத பல பிரிட்டிஷ் குடும்பங்கள் டேண்டத்தில் விடுமுறைக்குப் போயின. கணவன் முன்னே, மனைவி பின்னே, கைக்குழந்தை பக்கவாட்டில் பொருத்திய சைடுகாரில். அந்தக் குழந்தை வளர்ந்து சைடுகாருக்குள் அடங்காமல் போனபோது எழுந்த கேள்விதான் நமது கேள்வியும்: இவளை எங்கே உட்கார வைப்பது?

குழந்தைக்கு மூன்று வயது வரை பிரச்சினை இல்லை. கேரியர் மேல் பொருத்தும் இருக்கை போதும். அந்த வகை இருக்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு எடை வரம்பு 22 கிலோ. ஐந்து, ஆறு வயதில் குழந்தை அந்த எல்லையை நெருங்கிவிடும். எடையைவிடப் பெரிய சிக்கல் அவள் மனசு. காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அந்த வயதுக் குழந்தைக்குப் பிடிக்காது. சரி, அவளுக்கென்று ஒரு 16 அங்குலச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாம். தெருவுக்குள் ஓட்டுவாள். பஸ்ஸும் லாரியும் போகிற சாலையில் அவளைத் தனியே விட முடியுமா? வண்டி வரும் வேகத்தைக் கணக்கிடுவது, திரும்புவதற்கு முன் பின்னால் பார்ப்பது, சரியான நேரத்தில் பிரேக் பிடிப்பது ஆகியவற்றை ஐந்து வயதுக் குழந்தையிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் மிதிக்க அவளால் முடியும். ஆசையாக மிதிப்பாள்.

டேண்டம் இந்த இரண்டையும் பிரித்துக்கொடுக்கிறது. சாலையைப் பற்றிய முடிவெல்லாம் முன்னால் இருக்கும் பெரியவர் கையில் இருக்கும். உழைப்பில் ஒரு பங்கு குழந்தையின் காலுக்குப் போகும். நான்கைந்து வயதில் தொடங்கி, அவள் தன் சைக்கிளில் தானே சாலைக்கு வரும் வரை ஓடக்கூடிய ஏற்பாடு இது. இந்த ஏற்பாட்டில் குழந்தை ஓர் ஓட்டுநர். நாம் ஏற்றிச் செல்லும் சுமையாக அவளை நினைத்துவிட்டால் அமைப்பில் எல்லாமே தவறிப்போகும். நான் சொல்லப்போகும் ஒவ்வொரு அளவும் இந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் வருகிறது.

இயந்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். டேண்டத்தில் இரண்டு செயின்கள். வலது பக்கச் செயின், பின்னால் இருப்பவரின் பெடலைத் தாங்கும் கிராங்கிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும். இடது பக்கச் செயின் முன் கிராங்கையும் பின் கிராங்கையும் இணைக்கும். அந்த இடது செயினின் இரு முனையிலும் ஒரே எண்ணிக்கைப் பற்கள் உள்ள பல்சக்கரங்கள் இருப்பதால் இருவர் காலும் ஒரே வேகத்தில் சுற்றும். ஃப்ரீவீல் பின் சக்கரத்தில் மட்டும்தான். இரண்டு கிராங்குகளுக்கும் நடுவே ஃப்ரீவீல் கிடையாது. முன்னால் இருப்பவர் மிதித்தால் பின்னால் இருப்பவரின் பெடலும் சுற்றியே தீரும். அவர் நிறுத்தினால் நிற்கும். இதை மறக்காதீர்கள், பாதுகாப்பு பற்றிப் பேசும்போது மறுபடியும் வருவேன்.

இப்போது டேப்பை எடுப்போம். குழந்தையை வெறுங்காலில் சுவரோடு ஒட்டி நிற்க வையுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே வரை தூக்கிப் பிடித்து, புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு 48 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் சீட்டின் மேற்பரப்பிலிருந்து, அடியில் இருக்கும் பெடல் வரை அந்த அளவுதான் இருக்க வேண்டும். அப்போதுதான் முழங்கால் சற்றே மடிந்தபடி, இடுப்பு ஆடாமல் மிதிக்க முடியும்.

பெரியவர்களுக்கான டேண்டத்தின் பின் சீட் குழாய் 50 செ.மீ. என்றால், சீட்டை அடிவரை இறக்கினாலும் கிராங்க் சுழலும் அச்சிலிருந்து சீட் வரை 58 செ.மீ. வந்துவிடும். கிராங்க் 17 செ.மீ. இரண்டும் சேர்த்து 75. குழந்தையின் காலோ 48. இடையில் 27 செ.மீ. பள்ளம். சீட்டில் தலையணை வைத்தோ பெடலில் மரக்கட்டை கட்டியோ இந்தப் பள்ளத்தை அடைக்க முடியாது. கட்டை கட்டுவதை நம் ஊரில் சிலர் முயல்வதைப் பார்த்திருக்கிறேன். பெடல் கனத்து, கவிழ்ந்து, குழந்தையின் பாதம் நழுவும். தயவுசெய்து வேண்டாம்.

சிலர் கிராங்கின் நீளத்தை மட்டும் குறைப்பார்கள். கிராங்கோடு இறுக்கும் ஒரு சிறு உலோகத் துண்டு கிடைக்கிறது. அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும், வேண்டிய துளையில் பெடலை மாட்டலாம். 17 செ.மீ. கிராங்கை 10 செ.மீ. ஆக்கிவிட்டால் பெடல் 7 செ.மீ. மேலே வரும். நம் கணக்கில் இன்னும் 20 செ.மீ. மீதி. ஆகவே இது எட்டு வயதை நெருங்கும் குழந்தைக்கு, அதுவும் பின் சட்டம் தாழ்வான டேண்டத்தில்தான் போதும்.

சின்னக் குழந்தைக்கு உரிய வழி, அச்சையே மேலே தூக்குவது. பின் சீட் குழாயில், பழைய அச்சுக்கு 20 செ.மீ. மேலே, இன்னொரு அச்சுப் பெட்டியைக் கவ்வி இறுக்க வேண்டும். அதில் குட்டி கிராங்குகள். அதன் பல்சக்கரத்திலிருந்து ஒரு குட்டைச் செயின் கீழே இறங்கிப் பழைய பின் கிராங்கின் இடது பக்கம் சேரும். ஆக, அந்த இடது பக்கத்தில் இப்போது இரண்டு பல்சக்கரங்கள். ஒன்றில் பெரியவரின் காலிலிருந்து வரும் செயின் ஓடும், இன்னொன்றில் குழந்தைக்குப் போகும் செயின். பழைய பின் கிராங்கிலிருந்து பெடலை மட்டும் கழற்றிவிட வேண்டும். இந்தத் துணைக்கருவியைப் பிரிட்டனில் பல தலைமுறைகளாகப் பயன்படுத்துகிறார்கள். பிரிட்ஜ்வாட்டர் ஊரின் தார்ன் நிறுவனம், ஒரு பெரியவரும் இரண்டு குழந்தைகளும் மிதிக்கும் மூவர் சைக்கிளையே செய்தது.

குட்டி கிராங்க் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பழகிவந்த கணக்கு. 105 செ.மீ. உயரக் குழந்தைக்கு 10 அல்லது 10.5 செ.மீ. இதில் சிலர் கஞ்சத்தனம் செய்து 14 செ.மீ. கிராங்கையே மாட்டிவிடுகிறார்கள், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று. அது ஏன் கூடாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 17 செ.மீ. கிராங்கில் பெரியவரின் பாதம் ஒரு சுற்றுக்கு 107 செ.மீ. தூரம் பயணிக்கிறது. 10 செ.மீ. கிராங்கில் குழந்தையின் பாதம் 63 செ.மீ. பயணிக்கிறது. இருவரும் நிமிடத்துக்கு ஒரே எண்ணிக்கைச் சுற்று சுற்றினாலும் அந்தச் சின்னக் கால் ஓட வேண்டிய தூரம் அதன் அளவுக்குப் பொருத்தமாக இருக்கிறது. பெரிய கிராங்க் மாட்டினால் முழங்கால் நெஞ்சு வரை ஏறும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், அந்த ஆட்டம் நேராக உங்கள் ஹேண்டில்பாருக்கு வந்து சேரும். குழந்தை "கால் வலிக்குது" என்று சொல்வதற்கு முன்பே சைக்கிள் சொல்லிவிடும்.

அப்படியும் உங்கள் மிதி வேகம் அவளுக்கு அதிகம் என்றால், குழந்தையின் அச்சில் சற்றுப் பெரிய பல்சக்கரத்தை மாட்டலாம். உங்கள் காலைவிட மெதுவாக அவள் கால் சுற்றும். இருவர் பெடலும் ஒரே நிலையில் இருக்காதே என்று கவலைப்பட வேண்டாம். அவள் பெடல் தரையிலிருந்து வெகு உயரத்தில் இருப்பதால் வளைவில் சாயும்போது தட்டாது.

கடைக்காரர்களும் லேத் பட்டறைக்காரர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். உங்களோடு கொஞ்சம் விரிவாகவே பேச ஆசை, ஏனென்றால் இந்தத் துணைக்கருவி நம் ஊர்க் கடைகளில் தொங்குவதில்லை. ஆனால் செய்ய முடியாத பொருள் அல்ல. பழைய சைக்கிள் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்த பி.பி. என்கிற அச்சுப் பெட்டி, இரண்டு அரைவட்டக் கவ்விகள், பிள்ளைகள் சைக்கிளின் கிராங்க் ஆகியவை இருந்தால் நல்ல பட்டறையில் செய்துவிடலாம். நான்கு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

இடது பெடலின் மரை எதிர்த்திசை மரை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் சைக்கிள்களில் பல்சக்கரம் வலது கிராங்கில்தான் வரும். இங்கே பல்சக்கரம் இடது பக்கம் வேண்டும். வலது கிராங்கை அப்படியே திருப்பி இடப்பக்கம் மாட்டினால் மரை தவறான திசையில் அமைந்து, மிதிக்க மிதிக்கப் பெடல் தளர்ந்துகொண்டே வரும். டேண்டத்துக்கென்று செய்த இடது கிராங்க் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் இடது கிராங்கிலேயே பல்சக்கரத்தைப் பொருத்தும்படி செய்ய வேண்டும். இன்னொன்று, பிள்ளைகள் சைக்கிளில் வரும் ஒரே துண்டாக வளைத்த கிராங்கில் பெடல் மரை அரை அங்குலம். மற்றவற்றில் பதினாறில் ஒன்பது அங்குலம். பெடல் வாங்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கவ்வி. டேண்டத்தின் எஃகுக் குழாய் நம் பால்காரர் சைக்கிளின் குழாயைவிட மெல்லிய சுவர் கொண்டது. வெறும் இரண்டு போல்ட்டால் ஒரே இடத்தில் நசுக்கினால் குழாய் குழிந்துவிடும். கவ்வி குழாயின் வட்டத்தோடு முழுக்கப் பொருந்த வேண்டும், உள்ளே மெல்லிய தகடோ ரப்பரோ இருக்க வேண்டும். கார்பன் சட்டத்தில் இதைச் செய்யவே கூடாது. அலுமினியத்திலும் நான் செய்ய மாட்டேன்.

மூன்றாவது, குட்டைச் செயின் கவ்வியைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். மிதியின் விசை அதைக் குழாயைச் சுற்றித் திருப்பவும் பார்க்கும். கவ்வி கொஞ்சம் இறங்கினாலும் செயின் தொய்ந்து பல்லிலிருந்து கழன்றுவிடும். கவ்வியின் மேல் விளிம்பில் குழாயைச் சுற்றிப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். புறப்படும்முன் அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும், நகர்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். செயினை நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் 1 செ.மீ. அசைய வேண்டும். விறைப்பாக இருந்தால் பால்ரஸ் தேயும்.

நான்காவதுதான் எனக்கு மிக முக்கியம். செயினுக்கு முழு மூடி போடுங்கள். சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஸ்போக்கில் காலை விட்ட குழந்தைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கணுக்கால் காயம் ஆற எவ்வளவு நாளாகும் என்று எலும்பு மருத்துவர்களைக் கேளுங்கள். இங்கே குழந்தையின் காலுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு செயினைக் கொண்டுவந்து வைக்கிறோம். பாவாடை, பைஜாமா நாடா, ஷூ லேஸ், விரல் என எதுவும் அதற்குள் போக வழி இருக்கக் கூடாது. பின் சக்கரத்துக்கும் சேலை கார்டு போல இரு பக்கமும் தடுப்பு வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஒரு டேண்டத்தைக் குழந்தையோடு வெளியே அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

இவ்வளவு வேலை வேண்டாம், வாங்கியே விடுகிறேன் என்போருக்கு 20 அங்குலச் சக்கரம் கொண்ட குடும்ப டேண்டங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் யூஜின் நகரின் பைக் ஃப்ரைடே நிறுவனம் ஒன்று செய்கிறது. இங்கிலாந்தின் சர்சி ஹீலியோஸ் இன்னொன்று. சக்கரம் சிறியதானதால் பின் சட்டம் மிகத் தாழ்வாக அமைகிறது. சீட்டை இறக்கினால் சின்னப் பிள்ளை, ஏற்றினால் பெரியவர். நல்ல வண்டிகள்தான். விலையும் இறக்குமதிச் செலவும் நம்மில் பலருக்கு எட்டாது என்பதால் அதிகம் பேசவில்லை.

நெதர்லாந்தில் வேறொரு வழக்கம். அங்கே குழந்தையை முன்னால் உட்கார வைத்து, பெரியவர் பின்னாலிருந்து ஓட்டும் டேண்டங்கள் உண்டு. பெரியவர் கையிலிருக்கும் ஹேண்டில்பார் ஒரு நீண்ட கம்பியால் முன் ஃபோர்க்கோடு இணைந்திருக்கும். ஜெர்மனியின் வால்ட்ரோப் ஊரில் செய்யப்படும் ஹாஸே பினோவில் முன்னால் இருப்பவர் சாய்ந்த இருக்கையில் கால் நீட்டி மிதிப்பார். அவர் மிதிக்காமல் இளைப்பாறவும் ஃப்ரீவீல் உண்டு. இந்த அமைப்பில் குழந்தைக்குக் கிடைக்கும் காட்சி அபாரம். உங்கள் முதுகுக்குப் பதிலாக முழுச் சாலையையும் பார்க்கிறாள், நீங்களும் அவளை எப்போதும் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கும் நாட்டில் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். எதிர்ப்பக்கத்தில் வண்டி வரும் நம் சாலையில், மோதல் என்று ஒன்று வந்தால் முதலில் வாங்குவது முன்னால் இருப்பவர். ஆகவே இங்கே குழந்தை என் முதுகுக்குப் பின்னால்தான்.

பின்னால் உட்கார்ந்தவள் எதைப் பிடித்துக்கொள்வாள்? பின் ஹேண்டில்பார், பெரியவரின் சீட் பில்லரில் கவ்வியிருக்கும். அது திரும்பாது. பிடித்துக்கொள்ள மட்டும்தான். அதைப் பெரியவர் கைக்கு ஏற்ற தூரத்திலேயே விட்டுவிட்டால் குழந்தை முன்னே படுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும், கழுத்து வலிக்கும். பின்னோக்கி நீளும் ஸ்டெம், அதோடு கைப்பிடி பின்னால் வளைந்து வரும் பழைய பாணி ஹேண்டில்பார் இரண்டும் சேர்ந்தால் கை எட்டிவிடும். முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். அந்தக் கம்பி உங்கள் தொடையில் இடிக்கிறதா என்றும் மிதித்துப் பாருங்கள். அவள் கைப்பிடியில் பிரேக் வேண்டாம். மணி கட்டாயம் வேண்டும். மணி அவளுடைய பொறுப்பு, நீங்கள் கேட்கும்போது அவள்தான் அடிக்க வேண்டும்.

பாதத்துக்கு வருவோம். பெடல் நிற்காமல் சுற்றும் என்றேன். குழந்தையின் கால் நழுவிவிட்டால், சுற்றிவரும் பெடல் அவள் முழங்கால் எலும்பிலும் கெண்டைக்காலிலும் அடிக்கும். ஆகவே பெடலில் பாதத்தைப் பிடித்துவைக்கும் கூண்டும் பட்டையும் வேண்டும். பெரியவர் கூண்டு நீளமானது, குழந்தையின் பாதம் உள்ளே போய் நடுப்பாதத்தால் மிதிக்க நேரும். சின்ன அளவு கிடைக்காவிட்டால் அகலமான பட்டையே நல்லது. பட்டை பாதத்தை அணைத்தபடி இருக்க வேண்டும், பின்னோக்கி இழுத்தால் கால் தானாக வெளியே வர வேண்டும். குழந்தையை எதோடும் கட்டிப்போடுவது எனக்கு உடன்பாடில்லை. செருப்போடு ஏற்றாதீர்கள். ஷூ போடுங்கள், லேஸை உள்ளே செருகுங்கள். இருவருக்கும் ஹெல்மெட்.

சக்கரம், பிரேக் பற்றிச் சுருக்கமாக. பெரியவர் 70 கிலோ, குழந்தை 18, சைக்கிள் 20 என்றால் மொத்தம் நூற்றெட்டு. இரு பெரியவர்கள் ஏறும் சுமையைவிட இது மிகவும் குறைவு, ஆகவே 36 ஸ்போக் கொண்ட, கோட்டம் இல்லாத பின் சக்கரமும் அகலமான டயரும் போதும். சமவெளியில் இரண்டு நல்ல பிரேக்குகளே தாங்கும். மலையிறக்கத்தில் கதை வேறு. நீண்ட இறக்கத்தில் ரிம்மைத் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். அதற்காகவே டேண்டங்களில் பின் சக்கரத்தில் மூன்றாவதாக ஒரு டிரம் பிரேக் வைப்பார்கள். அது இல்லாத டேண்டத்தைக் குழந்தையோடு மலையிலிருந்து இறக்காதீர்கள். சாதாரண சைக்கிளில் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே சுமார் 1 மீட்டர் என்றால் டேண்டத்தில் 1.7 மீட்டரை ஒட்டி வரும். குறுகிய தெருவில் ஒரே வீச்சில் திரும்ப வராது. இறங்கித் தள்ளித் திருப்புங்கள்.

ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவின் வெஸ்ட் நியூட்டனில், ஹாரிஸ் சைக்ளரி என்ற கடையில் மெக்கானிக்காக இருந்த ஷெல்டன் பிரவுன், 2008இல் காலமாகும் வரை சைக்கிளைப் பற்றித் தனக்குத் தெரிந்த அனைத்தையும் எல்லோருக்கும் எழுதிவைத்தவர். தன் குழந்தைகளோடு டேண்டம் ஓட்டியவர். அவர் வற்புறுத்தியது இது: முன்னால் இருப்பவர் முதலில் சைக்கிளின் இரு பக்கமும் காலை அகட்டி நின்று, இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் இருப்பவர் ஏறி, இரண்டு பாதத்தையும் பெடலில் பொருத்தி, ஆயத்தம் என்று சொல்லும் வரை அசையக் கூடாது. காலை ஏன் அகட்ட வேண்டும் என்றால், பின்னால் இருப்பவர் பெடலைச் சுற்றிச் சரிசெய்யும்போது முன் பெடலும் சுற்றி உங்கள் முழங்காலில் இடிக்கும்.

சின்னக் குழந்தையால் அந்த உயரத்துக்குத் தானே ஏற முடியாது. கூட ஒருவர் இருந்தால் அவர் தூக்கி உட்கார வைக்கலாம். நீங்கள் தனியாக இருந்தால் குழந்தையை முதலில் உட்கார வைத்து, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, காலை முன் பாருக்கு மேலே மடித்துக் கொண்டுபோக வேண்டும். வழக்கம்போலப் பின்பக்கமாகக் காலை வீசினால் குழந்தையின் முகத்தில் படும். இதைக் குழந்தை இல்லாமல் பலமுறை பழகிவிட்டு அவளை ஏற்றுங்கள். சேலையோ வேட்டியோ கட்டி ஓட்டுபவர்கள் முன் பார் தாழ்வான டேண்டமாகப் பாருங்கள்.

ஓடத் தொடங்கியதும் வாய் ஓயக் கூடாது. அவள் கண்ணுக்கு முன்னால் இருப்பது உங்கள் முதுகு. பள்ளம் வருவது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. "பள்ளம்", "மிதி", "நிறுத்து", "வலப்பக்கம்" என்று ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் மிதிப்பதை நிறுத்தும் முன் "நிறுத்துறேன் கண்ணு" என்று சொல்லாவிட்டால் அவள் கால் பெடலோடு முட்டிக்கொள்ளும். என் மகளும் நானும் இப்படிப் பழகிய சில வாரங்களில் அவளே கட்டளை போட ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, லாரி பின்னால வருது, ஓரமாப் போங்க" என்று அவள் சொன்னபோதுதான், பின்பக்கம் பார்க்க எனக்கு ஓர் உதவியாள் கிடைத்திருக்கிறார் என்று புரிந்தது. பாதை எங்கே திரும்ப வேண்டும், எந்த டீக்கடையில் நிற்க வேண்டும் என்று அவளைக் கேளுங்கள். அவள் சொன்னபடி நில்லுங்கள்.

அவள் உண்மையிலேயே மிதிக்கிறாளா என்று பலர் கேட்கிறார்கள். சில நேரம் மிதிப்பாள், சில நேரம் கால் பெடலோடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் சரியே. ஏற்றத்தில் "இப்ப நீ தள்ளு" என்று சொல்லிப் பாருங்கள், முன்னால் இருக்கும் உங்கள் காலுக்கு அந்த உதவி தெரியும். அதை அவளிடம் சொல்லவும் வேண்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். குழந்தைகள் சைக்கிளில் தூங்கிவிடுவார்கள், அதுவும் சாப்பிட்ட பிறகு, வெயில் ஏறிய பிறகு. பேச்சு குறைந்தால், பின் ஹேண்டில்பாரில் பிடி தளர்ந்தது போலச் சைக்கிள் ஒரு பக்கம் இழுத்தால், உடனே நிறுத்திவிடுங்கள். முதுகுப் பட்டை போட்ட இருக்கைகள் இருக்கின்றன, தூங்கினாலும் விழ மாட்டாள் என்பார்கள். பாதம் சுற்றிக்கொண்டே இருக்கும் சைக்கிளில் தூங்கும் குழந்தையை வைத்து ஓட்டுவது என்னால் ஏற்க முடியாதது. மரநிழலில் ஒரு துண்டை விரித்துப் படுக்க வையுங்கள். அவசரமாகப் போக வேண்டிய இடத்துக்கு டேண்டத்தில் போகாதீர்கள். நம் ஊரில் விடியற்காலை புறப்பட்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது.

குழந்தை இந்த வயதில் ஆண்டுக்குச் சுமார் 6 செ.மீ. வளர்கிறாள். அதில் ஏறக்குறையப் பாதி காலில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் அந்தப் புத்தகத்தையும் டேப்பையும் எடுங்கள். கவ்வியைத் தளர்த்தி, அவள் கால் வளர்ந்த அளவுக்கு அச்சைக் கீழே இறக்குங்கள். செயினில் கண்ணி எடுக்க வேண்டியிருக்கும். ஒரு கண்ணி அரை அங்குலம், அந்த நுணுக்கத்தில்தான் அளவு மாறும். பெயின்ட் கோட்டை அழித்துப் புதுக் கோடு போடுங்கள். கிராங்க் நீளத்தை ஓராண்டு விட்டு ஓராண்டு பார்த்தால் போதும். ஒரு நாள் கவ்வி பழைய அச்சுக்கு மிக அருகே வந்து, குட்டைச் செயினுக்கே இடமில்லாமல் போகும். அப்போது துணைக்கருவியைக் கழற்றிவிட்டு, கிராங்க் நீளத்தைக் குறைக்கும் அந்தத் துண்டுக்கு மாறலாம். கழற்றியதை எண்ணெய் தடவி, போல்ட்டுகளோடு ஒரே பையில் போட்டு, அடுத்து நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். இங்கே உங்களுக்குள்ளேயே அப்படி ஒரு சுற்று உருவானால், ஊருக்கு இரண்டு மூன்று துணைக்கருவிகள் இருந்தாலே பல குடும்பங்கள் ஓட்டலாம்.

வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு டேண்டம் நிறுத்தியிருக்கிறேன், கவ்வி பொருத்தியதுதான். குழந்தையை அழைத்து வந்திருப்பவர்கள் வரிசையாக வாருங்கள், கால் அளந்து சீட்டையும் அச்சையும் மாற்றி உட்கார வைத்துப் பார்க்கலாம். பட்டறைக்காரர்கள் கவ்வியைக் கழற்றி அளவெடுத்துக்கொள்ளலாம், வெர்னியர் என்னிடமே இருக்கிறது. முதலில் குழந்தைகள், அப்புறம் அளவு.